சண்டைக் காட்சிக்கு எந்தப் பறை?

உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டைக் கேட்டு வளர்ந்த மாணவன் ஒருவன், சென்ற மாதம் தன் மடிக்கணினியை என் மேசைமேல் வைத்தான். குறும்படம் ஒன்றுக்கு இசை அமைக்கின்றானாம். இரு தோணிக்காரர் கரையில் மோதுங் காட்சி. விசையை அழுத்தினான், சுவர் அதிர்ந்தது.

“என்ன முழவு, தம்பி?”

“யப்பானியத் தைக்கோ, ஐயா. கணினிக்குள் இருக்கிறது.”

தமிழ்த் திரையிசைக்குக் கணினி புதியதன்று. 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்திலேயே இளையராஜா அதன் துணையைக் கொண்டார். பெரிய கூடங்களில் அன்று நிகழ்ந்தது இன்று உடப்பில் ஓர் ஓலைக் கொட்டிலில் நிகழ்கிறது, அவ்வளவே.

மாணவன் எனக்கு ஆசிரியனானான். ஒரு முழவின் அடியை மெல்லென, நடுத்தரமாக, வன்மையாக எனப் பல படிகளிற் பதிவு செய்கின்றனர். ஒவ்வொரு படியிலும் பல அடிகளை எடுத்துவைத்து, விசையை அழுத்துந்தோறும் மாற்றி மாற்றி ஒலிக்க விடுகின்றனர். அன்றேல் ஒரே அடி திரும்பத் திரும்ப வந்து இயந்திரத் துப்பாக்கிபோல் இரையும். தைக்கோ இவ்வாறு செவ்வனே பதிவானது. ஆதலின் எந்நாட்டுச் சண்டையிலும் அதுவே முழங்குகிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. தொல்காப்பியர் பறையைக் கருப்பொருளுள் ஒன்றாக வைத்ததையும், பின்வந்த அகப்பொருள் நூலார் நெய்தலுக்கு மீன்கோட்பறையும் பாலைக்குத் துடியும் வகுத்ததையும் எடுத்துரைத்தேன். சற்றே ஏளனமாகவும் உரைத்தேன் போலும். பையனின் முகம் வாடிற்று.

“மீன்கோட்பறை எப்படி ஒலிக்கும், ஐயா?”

முப்பது ஆண்டு அப்பெயரைக் கரும்பலகையில் எழுதியவன் யான். அதன் ஒலியை ஒருநாளும் கேட்டதில்லை.

எஞ்சியது துடி. இடை சுருங்கிய அக்கருவியின் இனமாகிய உடுக்கு எம் கோயில்களில் இன்றும் உண்டு. உடுக்கடிக்கும் முதியவர் ஒருவரை அழைத்து, அடி அடியாகப் பதிவு செய்தோம். கணினி அவற்றைக் கோத்து ஒலித்தபோது அவர் தலையசைத்தார்.

“என் அடிதான். ஆனால் நான் இப்படி அடிக்கவில்லையே!”

காரணம் பின்னரே விளங்கியது. உடுக்கின் இடைக்கயிற்றைக் கை இறுக்கும்போது, ஒலி எழுந்தபின்னும் சுருதி ஏறும், தளர்த்தும்போது இறங்கும். அடிக்கும் அடிக்கும் இடையிலேயே உயிர் ஓடுகிறது. தனித்தனி எடுத்த அடிகளில் அவ்வோட்டம் அறுபட்டுவிடுகிறது. நாகசுரத்தின் கமகம் விசைப்பலகையிற் சாவதும் இவ்வாறே. ஆதலின் முதியவரை மீளவும் இருத்தி, நீண்ட சொற்கட்டுகளாகவே பதிவு செய்தோம். ஒரு மாலை முழுதும் சென்றது. அவர் விரல் வீங்கியதுதான் என் வருத்தம்.

நேற்று முழுக்காட்சியையும் காட்டினான். உடுக்கு முன்னே துள்ளியது. அடியில் ஏதோ உறுமியது. தைக்கோ!

“நிலந்தான் மயங்காது, கருப்பொருள் மயங்கலாம் என்று படிப்பித்தது நீங்கள்தானே, ஐயா?” என்றான்.

மறுக்க இலக்கணம் இடந்தரவில்லை. ஒலியைச் சற்றுக் குறைக்கச் சொன்னேன்.