படுக்கைப் புண்ணும் பயிற்சியும்

உறக்கத்தில் நாம் அசைவற்றுக் கிடப்பதாக எண்ணுகிறோம். அஃது உண்மையன்று. ஓரிடத்தில் அழுத்தம் மிகுந்ததும் உடல் நம்மை அறியாமலே புரண்டு கொள்கிறது. தண்டுவடம் முறிந்தவருக்கோ அடிபட்ட இடத்திற்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தசை நசுங்கிக் குருதியோட்டம் தடைப்படும். சில மணி நேரத்தில் அவ்விடம் மடியத் தொடங்கும். வலி தெரியாமையால் அவர் முறையிடவும் மாட்டார். முதுகின் அடி, குதிகால், இடுப்பின் பக்கங்கள் ஆகிய இடங்களில் தோன்றும் அப்புண் எலும்பு வரையிலும் செல்லும். கிருமி குருதியிற் கலந்தால் உயிருக்கே கேடு.

முதல் உலகப் போரில் இவ்வாறு அடிபட்ட வீரருட் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். அவர்களைக் காப்பது இயலாது என்றே மருத்துவர் பலர் கருதினர். நாஜி ஜெர்மனியிலிருந்து 1939-இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன் அதனை ஏற்கவில்லை. 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தொடங்கிய தண்டுவடப் பிரிவுக்கு அவர் பொறுப்பேற்றார். புண்ணைத் தடுக்க அவர் கையாண்டது புதுமருந்து அன்று. இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார், அவ்வளவே. நடுநிசியிலும் அது தவறாமல் நடக்க வேண்டுமே! தாமே இரவில் வார்டுக்கு வந்து பார்ப்பாராம்.

கண்காணிப்பு நன்று. ஆயினும், ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: காரணம் அறியாதவன் விதியை மேற்பார்வையாளர் நிற்கும் வரைதான் காப்பான். செவிலியர் பயிற்சிக்கு வரும் மாணவியை வெறும் மரப்பலகையில் அரைமணி அசையாது படுக்கச் சொல்லலாம். அதன்பின் பாடத்தைத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி கைத்திறன். நோயாளியை விரிப்பின்மேல் இழுக்கலாகாது. தூக்கியே மாற்ற வேண்டும். இழுத்தால் தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகரும்; இடையிலுள்ள நுண்குழாய்கள் நைந்துபோகும். சிவந்த இடத்தை ஸ்பிரிட்டு தடவித் தேய்ப்பது பழைய வழக்கம். தேய்த்தல் தீங்கு என்பதே இன்றைய கொள்கை. சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்தால் அச்சமில்லை, சிவப்பு மாறாது நின்றால் ஊறு தொடங்கிவிட்டது.

இப்பாடம் வெள்ளைத் தோலை எண்ணி எழுதப்பட்டது. நம் மாநிற, கரிய தோலில் அச்சிவப்பு எளிதிற் புலப்படாது. அங்கே கையே கண். சுற்றியுள்ள தோலைவிட அவ்விடம் சூடாகவோ குளிர்ந்தோ, இறுகியோ நெகிழ்ந்தோ இருக்கிறதா என்று தொட்டறிய வேண்டும். நம் நாட்டுப் பயிற்சிக் கூடங்களில் முதலிற் கற்பிக்க வேண்டியது இதுவே என்பேன்.

வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்தார்; 1986 வரை வாழ்ந்தார். அத்தகைய வாழ்வுக்கு மருத்துவமனைக் காவல் மட்டும் போதாது. வீடு திரும்புமுன் நோயாளியும் அவர் வீட்டாரும் பயில வேண்டும். காலையும் மாலையும் கைக்கண்ணாடி பிடித்துத் தம் முதுகைத் தாமே நோக்குதல் ஒன்று. நாற்காலியில் இருக்கையில் அரைமணிக்கு ஒருமுறையேனும் முன்புறமாக நன்கு சாய்ந்து, இரண்டு நிமிடம் அப்படியே இருத்தல் மற்றொன்று.