கேமரா வாங்கும் முன்... கொஞ்சம் கவனியுங்கள்!

"ஒரு நல்ல கேமரா மட்டும் வாங்கிக் கொடுங்கப்பா, மத்ததை நான் பார்த்துக்கிறேன்." பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. ஆசை நல்லதுதான். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள்னு போட்டோகிராபருக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கடன் வாங்கி கேமராவை முதலில் வாங்கிவிட்டு, தொழிலை அப்புறம் கத்துக்கலாம் என்று இறங்கினால் அங்கேதான் சிக்கல்.

தவணைக்கு ஆடி மாதம் கிடையாது

நம் ஊரில் இந்தத் தொழிலின் பெரிய வருமானம் கல்யாணம். பெரும்பாலான இந்து வீடுகளில் ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் கல்யாணம் வைப்பதில்லை. ஆனால் தவணை மாதாமாதம் வரும். மாதம் 6,000 ரூபாய் தவணை என்று வையுங்கள். இந்த 3 மாதங்களுக்கு மட்டும் 18,000 ரூபாயை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால்தான் சமாளிக்க முடியும்.

அந்த மாதங்களிலும் வேலை இருக்கு. ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடைகளுக்கு விளம்பரப் படம் வேண்டும். அம்மன் கோயில் திருவிழாக்கள் வரும். மார்கழியில் சென்னை சபாக்களில் பாடுபவர்களுக்கும் ஆடுபவர்களுக்கும் நல்ல படம் தேவை. ஆனால் கல்யாணம் எடுக்கத் தெரிந்தவருக்குப் பொருட்களையும் மேடை நிகழ்ச்சிகளையும் எடுக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒளி வேறு, முறை வேறு. அதனால்தான் படிப்பு வேண்டும் என்கிறோம்.

எங்கே படிக்கலாம்?

• சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவுக்கு 4 ஆண்டு பட்டப்படிப்பு உண்டு. ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் இந்த நிறுவனத்தில் படித்தவர்தான்.
• கலை அறிவியல் கல்லூரிகளில் விஸ்காம், 3 ஆண்டு பட்டப்படிப்பு. இதில் போட்டோகிராபியும் ஒரு பாடம்.
• தொழிற்பயிற்சி முறையில் 'டிஜிட்டல் போட்டோகிராபர்' என்ற 1 ஆண்டு பிரிவு உள்ளது. 10-ம் வகுப்பு தேர்ச்சி போதும். உங்கள் மாவட்ட ஐடிஐ-யில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

சேரும் வரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் மொபைலில் 'புரோ மோடு' இருந்தால் ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம் இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப் பழகுங்கள். பக்கத்து ஸ்டுடியோவில் ஒரு கல்யாண சீசன் உதவியாளராகப் போங்கள். லைட் பிடிப்பதில் தொடங்கி ஆல்பம் போடுவது வரை கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். இந்த வேலை நமக்கு ஒத்து வருமா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

கடன் எப்படி வாங்குவது?

வேலை கைவந்த பிறகு கடனைப் பற்றி யோசியுங்கள். முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் கிடைக்கும். ஸ்டுடியோ வைக்கும் அளவுக்குத் திட்டம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான மாநில அரசுத் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் உங்கள் பிரிவையும் இடத்தையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு.

ஒன்றை மறக்காதீர்கள். பிஎம்இஜிபி புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான். முதலில் வெளியில் கடன் வாங்கி ஸ்டுடியோ திறந்துவிட்டு, அப்புறம் மானியம் கேட்டால் கிடைக்காது.

தொழில் தொடங்கியதும் உத்யம் பதிவு செய்யுங்கள். ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் மொபைலிலேயே முடித்துவிடலாம், கட்டணம் ஒரு பைசாகூட இல்லை. பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் அல்ல. முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும்

"நான் எடுத்த படம், எனக்குத்தானே சொந்தம்?" என்று நினைப்போம். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு அவரே முதல் உரிமையாளர். மாற்றி ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டுமே இது மாறும். எனவே கல்யாணப் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் போடும் முன் சம்மதம் வாங்குங்கள். அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு தாளில் தேதி, தொகை, எத்தனை படம், ஆல்பம் தரும் நாள், மாதிரிக்குப் பயன்படுத்தும் அனுமதி எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திட்டால், பின்னால் மனஸ்தாபம் வராது.

ட்ரோன் பறக்கவிடும் ஆசை இருக்கிறதா? 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனை வருமானத்துக்காக இயக்க, ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். 18 வயதும் 10-ம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால் அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி பெறலாம்.

முதலில் பழகுங்கள், அடுத்து படியுங்கள், பிறகு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். கேமரா கடைக்குப் போவது கடைசியில் இருக்கட்டும். அப்போது எந்தக் கேமரா வேண்டும் என்று கடைக்காரர் சொல்லத் தேவையிருக்காது, நீங்களே சொல்வீர்கள்.