கையில் வாங்கிய மாத்திரை

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையாயினும், சமவெளியிலுள்ள கள்ளக்குறிச்சியாயினும், பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த மருந்து ஒன்று உண்டு. அது குடற்புழு நீக்கும் அல்பெண்டசோல் மாத்திரை. 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியக் குடற்புழு நீக்க நாளில், 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு இது வழங்கப்படுகிறது. மாத்திரையை மென்று விழுங்கிவிட்டு அடுத்த பாடவேளைக்குச் செல்லும் மாணவர்க்கு, 'என் வயிற்றில் புழு இருக்கிறதா என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லையே!' என்னும் ஐயம் எழக்கூடும். நியாயமான ஐயம்தான். அதற்கு விடை கூறும் அறிவுத்துறை ஒட்டுண்ணியியல் ஆகும்.

மற்றோர் உயிரின் உடலில் தங்கி, அதனிடமிருந்தே உணவைப் பெற்று வாழ்வது ஒட்டுண்ணி. அதற்கு இடம் தரும் உயிரை ஓம்புயிர் என்பர். ஓம்புயிரை விரைவில் கொன்றுவிட்டால் ஒட்டுண்ணிக்கும் வாழ்வில்லை. ஆதலால் பெரும்பாலான ஒட்டுண்ணிகள் ஓம்புயிரைக் கொல்வதில்லை; மெல்ல மெலியச் செய்கின்றன.

கொக்கிப்புழு அவ்வகையைச் சார்ந்தது. சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு குருதியை உறிஞ்சும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிக்கும். வெளிவரும் இளம்புழு, வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே நுழைந்து, நுரையீரல் வழியே தொண்டையை அடைந்து, விழுங்கப்பெற்றுக் குடலுக்குச் செல்லும். களைப்பும் குருதிச்சோகையும் படிப்படியாக வருவதால், அவற்றை நோய் என்று எண்ணாமலே பலர் வாழ்ந்துவிடுகின்றனர்.

கல்வராயன் மலைக்கு வடக்கே, அதே கிழக்குத் தொடர்ச்சி மலையின் மற்றொரு பகுதியாக விளங்குவது சவ்வாது மலை. மலையாளி எனப்படும் தமிழ் பேசும் பழங்குடியினர் இவ்விரு மலைகளிலும் வாழ்கின்றனர். சவ்வாது மலையிலும் திமிரிப் பகுதியிலும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், 'டீவார்ம் 3' என்னும் பன்னாட்டு ஆய்வின் இந்தியப் பகுதியை நடத்தினர். ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி ஆகிய நாடுகளிலும் இவ்வாய்வு நடைபெற்றது. இங்கு ஆய்வுப் பரப்பு 40 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பாதியில் வழக்கம்போல் சிறுவர்க்கு மட்டும் மாத்திரை வழங்கப்பட்டது. மறுபாதியில் எல்லா வயதினர்க்கும் ஆண்டுக்கு இருமுறை வழங்கப்பட்டது. கொக்கிப்புழு பெரியவர்களிடமும் மிகுதியாகக் காணப்படுவதே இதற்குக் காரணம். மகன் பள்ளியில் மாத்திரை உண்கிறான். தந்தைக்கு அது கிட்டுவதில்லை. தந்தையின் குடலிலுள்ள புழு இடும் முட்டைகள் மண்ணைச் சேர்ந்து, மீண்டும் மகனின் காலுக்கே வருகின்றன. ஊரார் அனைவரையும் ஓர் உடலாகக் கருதி மருந்து கொடுத்தால் இச்சுழற்சி அறுபடுமா என்பதே ஆய்வாளர் எழுப்பிய வினா.

மலையில் பிறக்கும் கோமுகி ஆறு சமவெளிக்கு இறங்குகிறது. அங்கே நெல்லும் கரும்பும் விளையும் வயல்கள், நெருங்கிய தெருக்கள், கழிவுநீர் தேங்கும் சாக்கடைகள் எனக் காட்சி மாறுகிறது. காட்சி மாறவே ஒட்டுண்ணியும் மாறுகிறது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டமாகும் வரை விழுப்புரம் மாவட்டத்திலும், 1993க்கு முன்னர்த் தென்னார்க்காடு மாவட்டத்திலும் அடங்கியிருந்த இந்நிலப்பகுதி, யானைக்கால் நோயால் நெடுங்காலம் துன்புற்றது.

உச்சரேரியா பான்கிராப்டி என்னும் நூல் போன்ற புழுவே இந்நோய்க்குக் காரணம். முதிர்ந்த புழுக்கள் மனிதரின் நிணநீர் நாளங்களில் பல ஆண்டுகள் வாழ்ந்து, இலட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈனுகின்றன. நாளங்கள் பழுதுபடுவதால் நிணநீர் தேங்கிக் கால் வீங்குகிறது. கால் வீங்கியவரை ஊர் அறியும். குருதியில் நுண்புழுவைச் சுமந்து, நோய்க்குறி ஏதுமின்றி நடமாடுபவரை ஊர் அறியாது. நோய் பரவுவதற்குப் பெரிதும் வழியாவோர் இவரே.

நுண்புழுக்களுக்கு வியப்பூட்டும் பழக்கம் ஒன்று உண்டு. பகலில் நுரையீரலின் குருதிக்குழாய்களில் தங்கியிருந்து, இரவு பத்து மணிக்கு மேல் தோலருகே உள்ள குருதிக்கு வருகின்றன. இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் கொசுவின் வேளைக்கு ஏற்ப அவற்றின் வேளையும் அமைந்துள்ளது. இக்கொசுவின் உடலில்தான் நுண்புழு வளர்கிறது என்பதை 1877இல் சீனாவின் அமோய் நகரில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். ஆயினும், கொசு இறந்து விழுந்த நீரைப் பருகுவதால் நோய் வருகிறது என்றே அவர் கருதினார். கொசுவின் வாயுறுப்பிலேயே இளம்புழு காத்திருக்கிறது என்பது 1900இல்தான் தெளிவாயிற்று. பாதி உண்மையிலிருந்து முழு உண்மைக்குச் செல்ல 23 ஆண்டுகள் ஆயின.

இத்தகைய அறிவை முதுநிலையில் கற்க விரும்புவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975 முதல் புதுச்சேரியில் இயங்கி வருகிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் இணைவுடன், பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் ஈராண்டு முதுஅறிவியல் படிப்பை அது நடத்துகிறது. இத்துறை மாணவர் பழகும் வேலைகள் நுட்பமானவை. பிடித்த கொசுவை உப்புநீர்த் துளியில் வைத்து, தலை, மார்பு, வயிறு எனப் பிரித்து, எப்பகுதியில் எந்தப் பருவத்துப் புழு உள்ளது என்று உருப்பெருக்கியில் எண்ணுவர். குருதிப் பூச்சுக்குச் சாயமேற்றி, நுண்புழுவின் வால்நுனியில் உட்கரு உள்ளதா என்று நோக்குவர். இல்லையெனில் அது உச்சரேரியா. வால்நுனியில் இரண்டு உட்கருக்கள் இருப்பின், அது கேரளக் கடலோரத்தில் அறியப்பட்ட புரூஜியா மலாயி.

ஆனால் இத்துறையின் கடினமான பகுதி ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறது. நள்ளிரவில் கதவைத் தட்டி, உறங்குபவரை எழுப்பி, விரல்நுனியில் குருதி கேட்பது எளிதன்று. அதனினும் அரிது, நோயில்லாதவரை மருந்துண்ணச் செய்வது. 1990களில் இம்மையத்தின் ஆய்வாளர்கள் அன்றைய விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களில் ஆண்டுக்கொருமுறை டைஎத்தில்கார்பமசின் அல்லது ஐவர்மெக்டின் மருந்தை ஊரார்க்குக் கொடுத்து ஆராய்ந்தனர். ஆறு சுற்றுகளுக்குப் பின் நோய்ப்பரவல் பெரிதும் குறைந்தது. ஆயினும் முற்றிலும் நின்றுவிடவில்லை.

தமிழகத்தில் நடந்த மருந்து வழங்கல் திட்டத்தை ஆராய்ந்தபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. மாத்திரையைக் கையில் வாங்கியவர் பலர். விழுங்கியவர் அவரினும் சிலரே. வெறும் வயிற்றில் உண்ணலாகாது என்பதால், 'சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்கிறேன்' என்று திண்ணையில் சொல்லப்படும் சொல்லில் பொய்யில்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பின் அது மறந்துபோகிறது; அல்லது அச்சம் தடுக்கிறது. மாத்திரை உண்ட சிலர்க்குக் காய்ச்சலும் தலைவலியும் வருவதுண்டு. குருதியிலுள்ள நுண்புழுக்கள் மடிவதால் நேரும் துன்பம் அது. மருந்து வேலை செய்வதற்கான அடையாளமே மருந்தைக் கெட்டதாகக் காட்டிவிடுகிறது. இதனை முன்கூட்டியே விளக்கிச் சொல்லத் தெரிந்த பணியாளர் ஒருவர், நூறு சுவரொட்டிகளுக்கு மேலானவர். கண்முன்னே விழுங்கச் செய்யும் முறை இதன் பின்னரே வலியுறுத்தப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், கடும் நோயுற்றோர் ஆகியோர் மட்டும் விலக்குப் பெறுவர்.

நோய்ப்பரவல் நின்றுவிட்டதை எவ்வாறு அறிவது? வீங்கிய காலைக் கொண்டு அறிய இயலாது. அது பழைய நோயின் எச்சம், பரவல் நின்ற பின்னும் மறையாது. எனவே ஆய்வாளர் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளை நாடித் தொடக்கப்பள்ளிக்குச் செல்கின்றனர். மருந்து வழங்கத் தொடங்கிய பின்னர்ப் பிறந்த இக்குழந்தைகளின் குருதியில் புழுவின் எதிர்ப்பொருள் தூண்டி இருக்கிறதா என்று சிறு பட்டை ஒன்றில் பார்க்கின்றனர். அது பகலிலும் குருதியில் இருக்குமாதலால் இரவு வரை காத்திருக்கத் தேவையில்லை. விரலில் ஒரு குத்து, ஒரு துளி, பத்து நிமிடம். குழந்தை வகுப்புக்குத் திரும்பிவிடுகிறது.