ஐந்தடி அறுவடை இயந்திரம்

விஞ்ஞானம் வளர வளர இயந்திரங்களும் பெருத்துக்கொண்டே போகும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அமெரிக்காவில் சில சிறு பண்ணைகளின் கொட்டகையில் இன்றும் நிற்கும் ஒரு பழைய பொறி இந்த எண்ணத்தைச் சற்று அசைத்துப் பார்க்கிறது. டிராக்டரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் கூட்டு அறுவடை இயந்திரம் அது. அதன் வரலாற்றையும் அது வேலை செய்யும் விதத்தையும் இங்கே காண்போம்.

அறுவடை என்பது மூன்று வேலை: கதிரை அறுப்பது, அடித்து மணியைப் பிரிப்பது, பதரைத் தூற்றுவது. நம் ஊரில் அரிவாள், களம், முறம் என்று மூன்றுக்கும் மூன்று உண்டு. மூன்றையும் ஒரே வண்டியில் கூட்டும் பொறிக்கு, மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹைரம் மூர் 1836-இல் காப்புரிமை பெற்றார். அதை இழுக்கப் பல குதிரைகள் வேண்டியிருந்தன. ஆகவே நெடுங்காலம் அது அகன்ற கோதுமைப் பரப்புகளுக்கே உரியதாயிற்று. சிறு உழவர் கதிரை அறுத்துக் கட்டாக்கி வயலில் உலரவிட்டு, ஊரூராய் வரும் கதிரடிக்கும் பொறிக்காகக் காத்திருந்தார். அது வந்த நாளில் அக்கம்பக்கத்தார் அனைவரும் கூடி உழைத்தனர். அத்தனை பேருக்கும் சமைத்துப் போடும் பாடு வீட்டுப் பெண்களுடையது.

1930-களின் நடுவில் ஆலிஸ் சால்மர்ஸ் நிறுவனம் ‘ஆல் கிராப் 60’ என்ற பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 60 என்பது அது அறுக்கும் அகலம்; 60 அங்குலம், அதாவது ஐந்தடி. சிறு பண்ணையில் ஏற்கெனவே இருந்த டிராக்டரே அதை இழுக்கப் போதும். தனி எஞ்சினும் தேவையில்லை. டிராக்டரின் பின்புறத்தில் சுழலும் தண்டிலிருந்து அதற்கு விசை கிடைத்தது.

அறுக்கும் வாய் டிராக்டருக்கு நேர் பின்னால் இராமல் பக்கவாட்டில் விலகி நிற்கும். நிற்கும் பயிரைச் சக்கரம் மிதிக்காது. அறுபட்ட கதிரை ஓடும் கித்தான் விரிப்பு உருளைக்குக் கொண்டு செல்லும். உருளையின் அகலமும் ஏறக்குறைய ஐந்தடியே. ஆதலால் கதிர் ஒரே இடத்தில் குவியாமல் மெல்லிய பரப்பாக உள்ளே போகும். உருளையின் சட்டங்களில் ரப்பர் பதித்திருந்தார்கள். உள்ளங்கைகளுக்கிடையே கதிரைக் கசக்குவதுபோல் அது தேய்த்து உதிர்க்கும். மணி உடைவது குறையும். பின்னர் சல்லடையும் விசிறியும் தூற்றலை முடிக்கும். உருளையின் வேகத்தை மாற்றினால் கோதுமைக்குப் பின் சோயா, சோயாவுக்குப் பின் குளோவர் விதை என்று பலவும் அடிக்கலாம். பெயருக்கேற்ற பொறிதான்!

இயற்பியல் படிக்கும் எனக்கு இதில் பிடித்த பகுதி அந்த விசிறி. விழும் பொருளைக் காற்று எவ்வளவு தடுக்கும் என்பது அதன் எடையையும் பரப்பையும் பொறுத்தது. பதர் பறக்க மணி விழுகிறதே, அது இந்த விதியின் வேலை. முறத்தால் தூற்றும் நம் பாட்டிமாருக்கும் அமெரிக்கப் பொறிக்கும் விதி ஒன்றே!

குறைகளும் இருந்தன. பழைய டிராக்டரில் கிளட்சை மிதித்தால் வண்டியோடு சுழல்தண்டும் நின்றுவிடும். பயிர் அடர்ந்த இடத்தில் வண்டியை நிறுத்தினால் உருளையும் நின்று வைக்கோல் அடைத்துக்கொள்ளும். வண்டி நின்றாலும் தண்டு சுழலும் ஏற்பாடு 1940-களின் பிற்பகுதியில்தான் பரவத் தொடங்கியது.

ஆயினும் ஓர் உழவர் பிறரை எதிர்பாராமல், பயிர் காய்ந்த நாளில் தாமே அறுக்க முடிந்தது. கூடி உழைத்த பழைய உறவு தளர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. பிறகு தானே ஓடும் பொறிகள் வந்தன. 1944-இல் மாஸி ஹாரிஸ் நிறுவனத்தின் 500 பொறிகள் அணிவகுத்துச் சென்று போர்க்கால அறுவடை செய்தன. அகலம் ஏறியது, விலை ஏறியது. விலைக்கேற்ற நிலமும் வேண்டியதாயிற்று. 1935-இல் அமெரிக்கப் பண்ணைகள் ஏறத்தாழ 68 லட்சம். சராசரிப் பரப்பு 155 ஏக்கர். 2022-இல் 19 லட்சம். சராசரி 463 ஏக்கர். இதற்குக் காரணங்கள் பல. பெருத்த பொறியும் அவற்றுள் ஒன்று. எஞ்சிய சிறு பண்ணையாருள் சிலர் இன்றும் அந்த ஐந்தடிப் பொறியின் வாரையும் கித்தானையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள்.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஓர் உழவரின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர். தஞ்சைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர். மணிக்கணக்கில் வாடகை பேசும் பெரிய பொறி, சேர்ந்தாற்போல் நிலமுள்ளவர் வயலை முடித்துவிட்டுத்தான் எங்கள் வயலுக்கு வரும். அதற்குள் மழை முந்திக்கொண்டால் சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்துவிடும். அப்பா தொலைபேசியில், “வண்டி இன்னும் வரலைப்பா” என்று சொல்லும்போது இந்தப் பொறியை நினைத்துக்கொள்வேன். ஈர நெல்வயலுக்கு அது உதவாது; அது காய்ந்த நிலத்துக்குச் செய்தது. உதவக்கூடியது அதன் பின்னிருந்த கேள்வி: “இந்த உழவரிடம் இருக்கும் டிராக்டருக்கும் நிலத்துக்கும் பொருந்த எதைச் செய்யலாம்?”

பொறியியலும் விஞ்ஞானமும் பயிலும் நண்பர்களே! வரைபலகையில் முதல் கோடு போடுமுன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். மூன்று ஏக்கர்க்காரரையும் மனத்தில் வைத்துக் கேளுங்கள்.