வெங்கச்சங்கல்லில் ஏன் தங்கம் இல்லை?

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டை உழுதால் கொழுவில் வெங்கச்சங்கல் இடறும். கோலாரில் தங்கம் இருந்ததும் இதே வெள்ளைக்கல்லுக்குள்தானே, நம்மூர்க் கல் மட்டும் ஏன் வெறுங்கல் என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்னொரு டீ சொல்லிவிட்டுப் பொறுமையாகப் பார்க்கலாம்.

நிலத்தட்டுகள் மோதும்போது ஆழத்துப் பாறை வேகும். கனிமங்களுக்குள் கட்டுண்டிருந்த நீர் கழன்று, கந்தகத்தின் துணையோடு, பாறையில் இம்மியளவாய்ச் சிதறிக் கிடக்கும் தங்கத்தைக் கரைத்துக்கொள்ளும். முந்நூறு, நானூறு டிகிரிச் சூட்டில் மேலேறும் அந்த நீருக்கு வழி விடுவது பிளவுதான். குக்கர் வெயிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் ஏறும்; நிலம் அதிரும்; பிளவு திறக்கும். அழுத்தம் சட்டென்று இறங்கியதும், கரைந்திருந்த சிலிக்கா வெங்கச்சங்கல்லாக உறைந்து பிளவை அடைக்கும். கூடவே தங்கமும் படியும். அடைத்த இடத்தில் மறுபடி அழுத்தம் ஏறும். இது எத்தனையோ முறை நடந்தால்தான் சுரங்கம் தோண்டும் அளவுக்குத் தேறும்.

கோலாரில் அது நடந்தது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு பழைய நிலத்துண்டுகள் நெருங்கி, நடுவிலிருந்த எரிமலைப் பாறையைக் கசக்கின. அந்தத் தங்கத்தைத் தோண்ட 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது; சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. இறங்கி வெட்டியவர்களில் வடாற்காட்டுத் தமிழர்கள் ஏராளம். 2001இல் மூடிவிட்டார்கள்.

மதுரைக்கும் பிளவில் குறையில்லை. வடக்கே பாலக்காடு–காவிரி, தெற்கே அச்சன்கோவில் என்று இரண்டு பெரிய பிளவு மண்டலங்கள். கோண்டுவானா கண்டம் ஒட்டிய 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மோதலின் சூடும் இங்கே உண்டு. சிக்கல் ஆழத்தில் இருக்கிறது. நாம் இன்று கால் வைத்திருக்கும் பாறை அப்போது இருபது கிலோமீட்டருக்கும் கீழே கிடந்தது. வத்தலக்குண்டை அடுத்த கெங்குவார்பட்டிப் பாறை 900 டிகிரியையும் தாண்டி வெந்திருக்கிறது. அந்தச் சூட்டில் நீர் ஏறக்குறைய எல்லாம் மேலே போய்விடும். மிஞ்சியது சார்னோகைட் என்கிற காய்ந்த பாறை. மேல் அடுக்கில் தங்கம் படிந்தே இருந்தாலும், அந்த அடுக்கு மழையிலும் ஆற்றிலும் கரைந்து எப்போதோ கடலுக்குப் போயிருக்கும்.

நம் காட்டு வெங்கச்சங்கல்லில் பலவும் வெந்நீர் தந்தவை அல்ல. பாறைக்குழம்பு ஆறும்போது கடைசியாக உறைந்த மிச்சம். அதையும் வெறுங்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. காங்கேயம் அருகே படியூரில் அத்தகைய குழம்பு நீலப்பச்சைப் பெரில் கல்லைத் தந்தது. பக்கத்துக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெரிலைப் பட்டைதீட்டி மணியாக்கினார்கள்.