பத்து ரூபாய்க்குப் பதினான்கு முகம்

கண்ணு, போன வாரம் பல்லடம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பேக்கரியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பெண் வந்தாள். ஐந்தாம் வகுப்பு இருக்கும். தேங்காய் பன் ஒன்று கேட்டாள். உள்ளங்கையில் இறுக்கி வைத்திருந்த பத்து ரூபாய்க் காசை நீட்டினாள்.

"காயின் வாங்கறதில்ல சாமி. நோட்டு இருந்தாக் குடு" என்றார் கடைக்காரர்.

அவளிடம் நோட்டு இல்லை. நான் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு அந்தக் காசை வாங்கிக்கொண்டேன். பன் கைக்கு வந்த பிறகும் அவள் போகவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங் மாமா, இது கள்ளக்காசுங்களா?"

எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! அந்தக் கடையில் எத்தனையோ பெரியவர்கள் நின்றார்கள். யாரும் கேட்காத கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் உனக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன். ஒரு பத்து ரூபாய்க் காசையும், அப்புச்சி பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்.

அது கள்ளக்காசு இல்லை, நல்ல காசு. அப்புறம் ஏன் இந்தச் சந்தேகம்? எல்லாப் பத்து ரூபாய்க் காசும் ஒரே மாதிரி இல்லாததுதான் காரணம். சிலவற்றில் 10 என்ற எண்ணுக்கு மேலே பதினைந்து கதிர்கள் விரிந்திருக்கும். சிலவற்றில் பத்துக் கதிர்கள் இருக்கும். சிலவற்றில் ரூபாய்க் குறி உண்டு, சிலவற்றில் இல்லை. "பத்துக் கோடு இருந்தால்தான் அசல்" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அது ஊர் ஊராகப் பரவிவிட்டது.

ரூபாய்க் குறி ஏன் சிலவற்றில் இல்லை தெரியுமா? அந்தக் குறியை இந்திய அரசு ஏற்றுக்கொண்டதே 2010 ஜூலையில்தான். அதை வரைந்தவர் நம் தமிழ்நாட்டுக்காரர், உதயகுமார். 2011 முதல் அது காசுகளில் வந்தது. அதற்கு முன்னால் அச்சான காசில் அது எப்படி இருக்கும்? நீ பிறப்பதற்கு முன்னால் எடுத்த குடும்பப் போட்டோவில் உன்னைத் தேடினால் கிடைப்பாயா?

ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்தது. அதுவரை வந்த பத்து ரூபாய்க் காசுகளில் மொத்தம் 14 வடிவங்கள் இருக்கின்றன, பதினான்கும் செல்லும் என்றது. ஒரே காசுக்குப் பதினான்கு முகம்! அதைக் கேட்டுப் பலர் பயந்தார்கள். காசு சேர்ப்பவர்களோ துள்ளிக் குதித்தார்கள். பதினான்கையும் தேடிப் பிடிக்க வேண்டுமல்லவா?

இந்த முகங்களில் பல, நினைவுக் காசுகள். ஒரு பெரியவரை, ஒரு நிகழ்ச்சியை, ஒரு கோயிலை நாடு மறக்கக்கூடாது என்று அரசு வெளியிடுபவை. சுதந்திர இந்தியாவில் இது 1964-ல் தொடங்கியது. அந்த ஆண்டு நேரு காலமானார். அவர் முகத்தோடு ஒரு ரூபாய்க் காசும் ஐம்பது பைசாக் காசும் வந்தன. 1969-ல் காந்தித் தாத்தாவின் நூற்றாண்டுக் காசுகள். அதன் பிறகு வந்துகொண்டே இருக்கின்றன.

இப்போது என் கையில் இருக்கும் ஓர் ஐந்து ரூபாய்க் காசைக் காட்டுகிறேன். மஞ்சள் நிறம். கண்ணாடி போட்ட ஒரு முகம். சி. சுப்பிரமணியம், 1910 – 2010 என்று இருக்கிறது. யார் இவர்? நம்ம பக்கத்துக்காரர் கண்ணு! பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர். 1964 முதல் 1967 வரை நாட்டின் உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்தார். அப்போது நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். கப்பலில் கோதுமை வந்தால்தான் சாப்பாடு என்ற நிலை. இவர் மெக்சிகோவிலிருந்து குட்டை ரகக் கோதுமை விதைகளை வரவழைத்தார். 1966-ல் மட்டும் 18,000 டன். குட்டை ரகம் எதற்கு? உயரமான பயிரில் கதிர் கனத்தால் தண்டு சாய்ந்துவிடும். குட்டைத் தண்டு சாயாது. விளைச்சல் கூடியது. பசுமைப் புரட்சி என்று பாடத்தில் படிக்கிறாயே, அதுதான் இது. அந்தக் கதை முழுவதும் ஓர் ஐந்து ரூபாய்க் காசுக்குள் சுருண்டு கிடக்கிறது.

அண்ணா நூற்றாண்டுக்கு 2009-ல் வந்த ஐந்து ரூபாய்க் காசு கிடைத்தால் விட்டுவிடாதே. அவர் தமிழில் போட்ட கையெழுத்தை அப்படியே உலோகத்தில் பதித்திருக்கிறார்கள். நகத்தால் தடவினால் எழுத்து தட்டுப்படும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்ததற்கு 2010-ல் ஓர் ஐந்து ரூபாய்க் காசு வந்தது. கூடவே ஆயிரம் ரூபாய்க் காசும் வந்தது! ஆயிரம் ரூபாய்க் காசு வெள்ளி கலந்தது. கடையில் சில்லறையாகக் கிடைக்காது. நாணயச்சாலையில் முன்பதிவு செய்துதான் வாங்க வேண்டும். 2023-ல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வந்த 75 ரூபாய்க் காசும் அந்த வகை. 35 கிராம் எடை, பாதி வெள்ளி. இவற்றுக்கெல்லாம் நீ ஆசைப்பட வேண்டாம். சில்லறையில் தானாக வந்து சேர்கிற காசுக்குத்தான் ருசி அதிகம்.

சரி, காசு எப்படிப் பிறக்கிறது?

வீட்டில் பூரி மாவைப் பெரிதாகத் தேய்த்து, டம்ளரால் வட்டம் வட்டமாக வெட்டுவதைப் பார்த்திருப்பாய். மிஞ்சிய ஓரத்தைத் திரும்ப உருட்டிக்கொள்வார்கள். நாணயச்சாலையிலும் முதல் வேலை இதுதான். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள். மிஞ்சிய தகடு மறுபடியும் உருக்கப் போகும். வில்லையைச் சூளையில் சூடாக்கி, கடினத்தைக் குறைக்கிறார்கள். ஓரத்தைக் கொஞ்சம் மேடாக்குகிறார்கள். அந்த மேடு இருப்பதால்தான் நடுவில் உள்ள படம் சீக்கிரம் தேய்வதில்லை. பிறகு மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் ஒரு வளையம். நடுவில் வில்லையை வைத்து ஒரே இடி! இரண்டு பக்கமும் ஒரே நொடியில் பதிந்துவிடும்.

இங்கே ஒரு கேள்வி. அச்சு வெல்லமும் அச்சிலிருந்துதான் வருகிறது. காசும் அச்சிலிருந்துதான் வருகிறது. இரண்டும் ஒரே முறையா? யோசி.

இல்லை. வெல்லப் பாகைச் சூடாக ஊற்றி ஆற விடுகிறோம். காசை யாரும் ஊற்றுவதில்லை. கெட்டியான உலோகத்தின் மேல் அச்சை அழுத்துகிறார்கள். களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தினால் ரேகை பதிகிறதே, அது மாதிரி. அவ்வளவு பலமாக அழுத்தும்போது உலோகமே மாவு போல நகர்ந்து, அச்சின் பள்ளங்களுக்குள் ஏறிவிடுகிறது.

பத்து ரூபாயில் வெளியே மஞ்சள் வளையம், நடுவே வெள்ளை வட்டம். இரண்டையும் எதை வைத்து ஒட்டினார்கள்? பசை இல்லை, பற்றவைப்பும் இல்லை. காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள். கம்பியைப் பிடிக்காமலே நிற்பாய் அல்லவா? சுற்றி இருப்பவர்கள் நெருக்குவதால் விழ மாட்டாய். அதே கதைதான் இங்கேயும். அச்சு இடிக்கும்போது வளையமும் வட்டமும் பரவப் பார்க்கின்றன. வெளியே இருக்கும் இரும்பு வளையம் விடுவதில்லை. போக இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கிப் பூட்டிக்கொள்கின்றன. புரிந்ததா? புரியாவிட்டால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படி, அவசரமில்லை.

அடுத்து, ஒரு காந்தம் கொண்டு வா. பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும்.

இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசில் வை. சட்டென்று ஒட்டும். அவை குரோமியம் கலந்த எவர்சில்வர். வீட்டு எவர்சில்வர் டம்ளரில் சில சமயம் காந்தம் ஒட்டாது, ஏனென்றால் அதன் கலவை வேறு. இனி, 2000-க்கு முந்தைய தடித்த ஐந்து ரூபாய்க் காசு இருந்தால் அதில் வைத்துப் பார். ஒட்டாது. அது நூற்றுக்கு 75 பங்கு செம்பு, 25 பங்கு நிக்கல். இதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. தனி நிக்கலைக் காந்தம் இழுக்கும். 1964-ன் நேரு காசு தனி நிக்கல். அதில் காந்தம் ஒட்டும். ஆனால் நிக்கலோடு மூன்று மடங்கு செம்பு சேர்ந்ததும் அந்தக் குணம் மறைந்துவிடுகிறது. முக்கால்வாசி செம்பு இருந்தும் காசு சிவப்பாக இல்லையே, கவனித்தாயா? கால் பங்கு நிக்கல் செம்பின் சிவப்பையே மறைத்துவிடுகிறது. நிறத்தை நம்பி உலோகத்தைச் சொல்லிவிட முடியாது.

இப்போது பூதக்கண்ணாடி. காசில் வருடம் இருக்கும் இடத்தைப் பார். அதன் கீழே கடுகை விடச் சின்னதாக ஓர் அடையாளம் தெரிகிறதா? நட்சத்திரம் என்றால் அது ஹைதராபாத் நாணயச்சாலையில் பிறந்தது. டைமண்ட் கட்டம் என்றால் மும்பை. சின்னப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையா? அது கொல்கத்தா. நாட்டில் உள்ள நான்கு அரசு நாணயச்சாலைகளும் இவைதான். உன் கையில் இருக்கும் காசு எத்தனை கைகள் மாறிப் பல்லடம் வந்ததோ! ஆனால் பிறந்த ஊரை அது மறைக்கவே இல்லை.

காசில் கதை எழுதுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. கோயம்புத்தூர் பக்கம் வெள்ளலூரில், மண்ணைத் தோண்டியபோது ரோமாபுரி வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. ஒரு முறை இல்லை, பல முறை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன், பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் கொங்கு மண்ணுக்கு வியாபாரிகள் வந்துபோனார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு நிறைய வந்த ஒரு ரோமக் காசில், ஒரு பக்கம் பேரரசர் அகஸ்டஸ் முகம். மறுபக்கம் கேடயமும் ஈட்டியுமாக நிற்கும் இரண்டு இளைஞர்கள். அவருடைய பேரப்பிள்ளைகள்! சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் தமிழ்நாட்டில் கிடைத்த ரோமக் காசுகளைப் பார்க்கலாம்.

காசு தேடும் ஆசை நம் நாட்டில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் உன் வயதுப் பிள்ளைகள் 1999 முதல் 2008 வரை கால் டாலர் காசுகளாகத் தேடினார்கள். ஐம்பது மாநிலங்களுக்கும் ஒவ்வொரு காசு, ஆண்டுக்கு ஐந்து. இதற்கிடையே 2007-ல் தங்க நிறத்தில் ஒரு டாலர் காசுகள் வந்தன. நாட்டின் அதிபர்கள் வரிசையாக, ஆண்டுக்கு நான்கு பேர். ஆனால் அங்கே மக்கள் டாலர் நோட்டையே விரும்பினார்கள். காசுகள் பெட்டகங்களில் நூறு கோடிக்கு மேல் குவிந்துவிட்டன. 2011 கடைசியில், புழக்கத்துக்கு அச்சடிப்பதை நிறுத்தி, சேர்ப்பவர்களுக்கு மட்டும் அச்சடித்தார்கள். அங்கேயும் நம்ம பேக்கரிக் கதைதான்!

சேர்க்க ஆரம்பிக்கும் முன் ஒரு சங்கதி. எனக்குப் பத்து வயதில் என் அப்புச்சி ஒரு நேரு காசு கொடுத்தார். மங்கலாக இருந்தது. பளபளக்க வேண்டும் என்று புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தேன். மின்னியது. ஆனால் முகமெல்லாம் கீறல். நேருவின் தலைமுடிக் கோடுகள் அழிந்தே போயின. அப்புச்சி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றுவரை மனசு கேட்கவில்லை. காசின் மேல் காலப்போக்கில் படியும் மங்கல் மாம்பழத் தோல் மாதிரி. உள்ளே இருப்பதைக் காப்பது அதுதான். அழுக்காக இருந்தால் வெறும் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியில் ஒற்றி எடு. தேய்க்காதே. விரலால் முகத்தைத் தொடாமல் ஓரத்தைப் பிடி. மெத்தென்ற பிளாஸ்டிக் உறை வேண்டாம். சில உறைகளிலிருந்து கசியும் பொருள் காசைப் பச்சையாகப் பிசுபிசுக்க வைக்கும். சின்னக் காகித உறை போதும். உறைமேல் எந்த வருடம், எந்த நாணயச்சாலை, எங்கே கிடைத்தது என்று எழுதிவை. "உழவர் சந்தை, தக்காளி வாங்கிய மிச்சம்" என்று கூட எழுதலாம். எனக்கு அப்படிப்பட்ட குறிப்புகள்தான் ரொம்பப் பிடிக்கும்.

"உங்கள் பழைய காசுக்குப் பத்து லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள்" என்று போனில் யாராவது சொன்னால், உடனே அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல். ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்த ஏமாற்று வேலை அது.

கடைசியாக, நான் இன்னும் தேடும் ஒரு காசு. 1995-ல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் காசுகள் வந்தன. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய். இரண்டு ரூபாய்க் காசு வட்டம் இல்லை. பக்கங்களை எண்ணிப் பார், பதினொன்று வரும். இரண்டும் ஐந்தும் என்னிடம் இருக்கின்றன. ஒரு ரூபாய் வள்ளுவர் மட்டும் இன்னும் அகப்படவில்லை. அம்மிச்சியின் சுருக்குப்பையை இன்றைக்கு அவரிடம் கேட்டு, கொட்டிப் பார். இருந்தால், வருடத்துக்குக் கீழே நட்சத்திரமா, புள்ளியா, வெறுமையா என்று எனக்கு எழுது கண்ணு.