காது கேளாதவரும் என்ஜினீயர் ஆகலாம்!

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் இருக்கிறது கிருஷ்ணன்கோவில். சிறிய ஊர்தான். ஆனால் அங்கே பெரிய காரியம் ஒன்று நடக்கிறது.

அந்த ஊரில்தான் கலசலிங்கம் பல்கலைக்கழகம் உள்ளது. 1984-ம் ஆண்டில் என்ஜினீயரிங் கல்லூரியாகத் தொடங்கியது அது. காது கேளாத, வாய் பேச இயலாத மாணவர்களுக்கென்று அங்கே தனி என்ஜினீயரிங் படிப்பு வைத்திருக்கிறார்கள்.

காது கேளாதவர் கல்லூரிப் பாடத்தை எப்படிப் படிப்பார்? கண்ணால்தான்!

கை பேசும், கண் கேட்கும்

ஆசிரியர் பாடம் சொல்வார். அதை ஒருவர் சைகை மொழியில் கைகளால் காட்டுவார். மாணவர் பார்த்துப் புரிந்துகொள்வார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சைகையைப் பார்த்தால் நோட்டில் எழுத முடியாது. நோட்டைப் பார்த்தால் பாடம் போய்விடும். ஆகவே பாடக் குறிப்பை எழுதிக் கையில் கொடுக்கவேண்டும். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல், மாணவர்களைப் பார்த்துப் பேசவேண்டும். இதற்கெல்லாம் பெரும் பணம் தேவை இல்லை. ஆனால் இது கிடைக்காவிட்டால் கெட்டிக்கார மாணவரும் பின்தங்கிப்போவார்.

அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில், காது கேளாதோருக்குக் கல்லூரி நடத்த 1864-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. அதில் கையெழுத்திட்டவர் ஆபிரகாம் லிங்கன்!

நமது நாட்டுச் சட்டம்

நமது நாட்டில் 2016-ம் ஆண்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 21 வகைக் குறைபாடுகள் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. அரசு கல்லூரிகளிலும், அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 100-க்கு 5 இடமாவது ஒதுக்கவேண்டும். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு இந்த இடங்கள். வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு.

பரீட்சையில் தானே எழுத முடியாதவர், சொல்வதை எழுத ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். 2018-ம் ஆண்டு விதிகளின்படி, அப்படி எழுதுபவர்களுக்கு ஒரு மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் தரவேண்டும். 3 மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம்!

"இது மற்ற மாணவர்களுக்கு அநியாயம் அல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. மாணவர் தானே ஆளை அழைத்து வந்தால், அந்த ஆள் மாணவரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்கவேண்டும். விடை மாணவருடையது. கை மட்டுமே இன்னொருவருடையது.

கோர்ட்டு தீர்ப்பு

விகாஸ் குமார் என்பவருக்குப் பேனா பிடித்தால் கை இழுத்துக்கொள்ளும். ஐ.ஏ.எஸ். முதலான பதவிகளுக்கான பரீட்சையில் தன் விடைகளை எழுத ஆள் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்.

2021-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி தீர்ப்பு வந்தது. குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறது என்பதற்காக உதவியை மறுக்கக்கூடாது என்று நீதிபதிகள் கூறினார்கள். அதன்பிறகு 2022-ம் ஆண்டில் மத்திய அரசு அதற்கும் விதிகளை வெளியிட்டது. எழுதுவதில் சிரமம் உள்ளவர்கள் டாக்டர் சான்றிதழ் காட்டி இந்த உதவியைப் பெறலாம்.

பெற்றோர் கவனிக்க!

பிள்ளையின் குறையை வெளியில் சொல்ல வெட்கப்படும் பெற்றோர் உண்டு. "ஊரார் என்ன சொல்வார்களோ" என்று மறைத்துவிடுகிறார்கள். நஷ்டம் யாருக்கு? பிள்ளைக்குத்தான்.

கல்லூரியில் சேர்ந்த உடனேயே சொல்லிவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரிச் சான்றிதழையும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். என்ன உதவி வேண்டும் என்பதை எழுதியே கொடுங்கள். அதன் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். பரீட்சை அன்று காலையில் போய்க் கேட்டால் எழுதும் ஆளுக்கு எங்கே போவது? முன்கூட்டியே கேட்டால், பரீட்சைக்கு முன்பே அந்த ஆளைச் சந்தித்துப் பழகிக்கொள்ளவும் விதியில் இடம் உண்டு.

இது யாரும் போடும் பிச்சை அல்ல. சட்டம் கொடுத்த உரிமை. வாய் திறந்து கேட்க முடியாத பிள்ளைக்காக வீட்டில் உள்ளவர்கள் கேட்கவேண்டும்!